கிழக்கே பார்த்து எடுத்த படம்



ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, வெட்கமா இருந்ததால தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. செமஸ்டர் முடிஞ்சு வீட்ல சும்மாதான் இருக்கேன். வானமும் நாலு நாளா சாயங்காலம் ஆனா இருட்டிக்கிட்டு நிக்குது, ஆனா பெய்ய மாட்டேங்குது. அதைப் பார்க்கப் பார்க்க மனசு உறுத்துது. அதனால இன்னைக்கு எழுதிடறேன்.

என்கூடப் படிக்கிறவங்களுக்கு என் கிறுக்கு தெரியும். வானத்தைப் படம் எடுக்கிறது. மனுஷங்களை அவ்வளவா எடுக்க மாட்டேன். எங்க அக்கா நிச்சயதார்த்தத்துல போன்ல இடம் பத்தலைன்னு வந்தப்ப, மேகப் படங்களை அழிக்க மனசு வராம வாட்ஸ்அப்பையே அழிச்சவன் நான். அந்தக் கதையை அம்மா வீட்டுக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு.

எப்ப ஆரம்பிச்சதுன்னு கேட்டா தேதியோட சொல்லுவேன். 2019 டிசம்பர் 26. வளைய சூரிய கிரகணம். சவூதியில ஆரம்பிச்சு, கேரளா, தமிழ்நாடு, வடக்கு இலங்கை, சிங்கப்பூர்னு போன அந்தப் பாதை நம்ம திண்டுக்கல் மேலயே போச்சு. நான் அப்ப ஒன்பதாவது. அரையாண்டு லீவு. தெருவுல ஆள் நடமாட்டமே இல்லை. அம்மாச்சி தாம்பாளத்துல தண்ணி ஊத்தி உலக்கையை நிறுத்தி வெச்சுட்டு, "யாரும் வெளிய போகக் கூடாது"ன்னு வாசல்லயே உக்காந்துட்டாங்க. நான் கொல்லைப்பக்கம் வழியா நழுவிட்டேன். கிரகணக் கண்ணாடி கிடையாது, அதனால மேல பார்க்கலை. (பயந்தாங்கொள்ளிதான், ஒத்துக்கறேன்.) தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னப்பதான் தரையைப் பார்த்தேன்.

கொல்லையில ஒரு புங்க மரம். அதோட இலைச் சந்து வழியா விழற வெயில் பொட்டுப் பொட்டா தரையில இருக்கும்ல, அது எல்லாமே பிறை மாதிரி இருந்துச்சு. நூத்துக்கணக்கான குட்டிப் பிறைங்க. ஒன்பதரை வாக்குல அத்தனையும் மோதிரமா மாறிடுச்சு. ஒவ்வொரு இலைச் சந்தும் ஒரு ஊசித்துளை கேமரா, தரைதான் திரைன்னு பின்னாடி பிசிக்ஸ் படிச்சப்பதான் புரிஞ்சது. அன்னைக்கு ஒண்ணும் புரியலை. அப்பாவோட பழைய போனை எடுத்துட்டு வந்து சுட்டுத் தள்ளினேன். ஆக, வானத்தைப் படம் எடுக்கிறேன்னு சொல்லிக்கிற என்னோட முதல் படமே தரையைப் பார்த்து எடுத்தது :-)

அதுக்கப்புறம் விடலை. திண்டுக்கல்ல என்னடா வானம் இருக்கு, பூட்டும் பிரியாணியும்தானே இருக்குன்னு வெளியூர்ப் பசங்க கேட்பாங்க. அவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடறேன்.

நம்ம ஊரு ஒரு தட்டு மாதிரி. நடுவுல சமவெளி. மேற்கே, தென்மேற்கே பழனி மலைத்தொடர். தென்கிழக்கே சிறுமலை. அதைத் தாண்டினா நத்தம் பக்கம் கரந்தமலை. தட்டுக்கு நடுவுல யாரோ மறந்து வெச்சுட்டுப் போன மாதிரி மலைக்கோட்டைப் பாறை. 1605ல முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் அதுமேல கோட்டை கட்ட ஆரம்பிச்சார். அங்க ஏறினா சுத்தி எல்லா மேகமும் தெரியும். என்ன, வானம் நிறம் மாற ஆரம்பிக்கிற நேரத்துல பார்வை நேரம் முடிஞ்சு நாம கீழ இறங்கிட்டு இருப்போம். அதனால என் ஸ்டுடியோ எங்க வீட்டு மொட்டை மாடிதான். தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னா கேபிள் வயர்கள் குறுக்கே வராது.

ஆடி மாசம் வந்தா பாருங்க, மேற்கே இருந்து மேகம் வரிசை கட்டி ஓடும். அவ்வளவு அழகு. ஒரு சொட்டு விழாது. தென்மேற்குப் பருவக்காத்து மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் பழனி மலையிலயும் ஏறும்போதே ஈரத்தை எல்லாம் அங்க இறக்கி வெச்சுடும். மலையைத் தாண்டி நம்ம பக்கம் இறங்கும்போது காத்து சூடாகும், சூடானா மேகம் கரையும். மழை மறைவுப் பகுதின்னு புத்தகத்துல ஒரு வார்த்தையில முடிச்சுடுவாங்க. அம்மாச்சி அதை "வெத்து மேகம்"னு சொல்லுவாங்க. நான் ஆடி மேகத்தை எடுத்துட்டு வந்து காட்டினா ஒரே கேள்விதான் கேட்பாங்க: "பேஞ்சுச்சா?"

"இல்ல அம்மாச்சி."

"அப்புறம் எதுக்கு எடுத்த?"

இந்தக் கேள்விக்கு அப்ப என்கிட்ட பதில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

2023 செப்டம்பர். காலேஜ் முதல் வருஷம். மத்தியானம் மூணு மணிக்கு மேல மேற்கே கறுத்துச்சு. நாலரைக்கு நல்ல இடி, காத்து, எங்க தெருவுல இருபது நிமிஷம் மழை. அஞ்சரைக்கு விட்டுடுச்சு. மாடிக்கு ஓடினேன்.

மேற்கே வானம் சுத்தமாத் திறந்து, சூரியன் மஞ்சளா அடிச்சுக்கிட்டு இருக்கு. கிழக்கே திரும்பினா... எப்படிச் சொல்றது. சிறுமலைக்கு மேல ஆரம்பிச்சு நத்தம் வரைக்கும் அந்த இடிமேகம் நிக்குது. அதோட தலைப்பகுதி பந்தல் மாதிரி விரிஞ்சு பாதி வானத்தை மூடியிருக்கு. அந்தப் பந்தலோட அடிப்பக்கம் முழுக்க பசுவோட மடி மாதிரி நூத்துக்கணக்கான பைகள் தொங்குது. ஒவ்வொண்ணு மேலயும் சாயங்கால வெயில் பட்டு ஆரஞ்சு, செம்பு, ரோஸ் நிறம். இடையில மின்னல் வேற. என் கை நடுங்கினதுல முதல் பத்துப் படமும் ஆடிப்போச்சு.

அதுக்குப் பேரு மம்மாட்டஸ். லத்தீன்ல மடி, மார்புன்னு அர்த்தம் வர்ற வார்த்தையில இருந்து வந்த பேரு. சாதாரண மேகம் மேல எழும்பி வளரும். இதுல குளிர்ந்த காத்து கீழ்நோக்கி இறங்கறதால பை தலைகீழா தொங்குது. பார்க்க உலகம் அழியப்போற மாதிரி இருக்கும். ஆனா பல நேரம், இடிமழை நம்மளைத் தாண்டிப் போன பிறகுதான் இது இவ்வளவு நல்லாத் தெரியும். வர்ற மேகத்துல இல்லை, போற மேகத்துல.

இது எனக்கு அன்னைக்கே தெரியும். அதுதான் இந்தக் கதையில என்னை உறுத்தற இடம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எண்ணிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. சத்தம் ஒரு கிலோமீட்டர் வர சுமார் 3 நொடி ஆகும். நான் மாடிக்கு வந்தப்ப 18 எண்ணினேன், 6 கிலோமீட்டர். (இடி கேட்கிற தூரத்துல மாடியில நிக்கிறதே தப்பு. 30 நொடிக்குள்ள கேட்டா உள்ள போயிடணும். நான் போகலை. நீங்க போங்க.) அரை மணி நேரம் கழிச்சு 42 எண்ணினேன். 14 கிலோமீட்டர். மேகம் போய்க்கிட்டே இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

அப்புறம் கீழ இறங்கி வந்து படத்தை 'சரி' பண்ண உக்காந்தேன்.

படம் எடுக்கிறவங்களுக்கு இந்த வியாதி தெரியும். கண்ணுல பார்த்த அளவுக்கு படத்துல இல்லையேன்னு ஒரு குறை. முதல்ல கான்ட்ராஸ்ட் கொஞ்சம் ஏத்தினேன். நிழல் பகுதியை இன்னும் கறுப்பாக்கினேன். ஆரஞ்சு நிறம் 'அழகா' இருக்கே தவிர 'பயமா' இல்லைன்னு தோணுச்சு. அதனால சூட்டு நிறத்தைக் குறைச்சு நீலப் பக்கம் தள்ளினேன். செம்புப் பைகள் எல்லாம் ஈயம் மாதிரி ஆயிடுச்சு. சும்மா மிரட்டுச்சு! கீழ்ப்பக்கம் நாலு வீட்டுச் சுவர் வந்து தொந்தரவு பண்ணுச்சு. அதுமேல மஞ்சள் வெயில் வேற. அதையும் வெட்டினேன். கூடவே சிறுமலையோட முதுகும் போச்சு. மேகம் மட்டும் மிச்சம்.

வகுப்புக் குழுவுல போட்டேன். "நம்ம ஊரு வானம்... இன்னைக்கு"ன்னு நாலே வார்த்தை. தேதி இல்லை, நேரம் இல்லை, எந்தப் பக்கம்னு இல்லை. மழை வருதா போகுதான்னு இல்லை. பசங்க பாராட்டித் தள்ளிட்டாங்க. நான் ரொம்ப சந்தோஷமா சாப்பிடப் போனேன்.

ராத்திரி எட்டு மணிக்கு அதே படம் எனக்கே திரும்பி வந்துச்சு. அனுப்பினது எங்க பெரியம்மா. கீழ வேற யாரோ எழுதிய வாசகம்: திண்டுக்கல் மாவட்டத்தை நோக்கி ராட்சத மேகம் வருது, நாளை மாலைக்குள் பேய்மழை, எல்லாரும் உஷார், மத்த குழுக்களுக்கும் அனுப்புங்க. நாலு சிவப்பு ஆச்சரியக்குறி. யார் எழுதினதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பெரியம்மாகிட்ட "இது நான் எடுத்த படம், பொய்"ன்னு சொன்னேன். "அட, நீயாடா எடுத்த!"ன்னு அவங்க பெருமைப்பட்டு, என் பேரையும் சேர்த்து இன்னும் நாலு பேருக்கு அனுப்பிட்டாங்க. நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

இப்ப மாமா. அம்மாவோட தம்பி. ரெட்டியார்சத்திரம் தாண்டி, ஒட்டன்சத்திரம் போற வழியில கொஞ்சம் தோட்டம். அந்த வருஷம் ஐம்பது சென்ட்ல சின்ன வெங்காயம் போட்டிருந்தார். வெங்காயம் முத்தினா தாள் தானா மஞ்சளாகி சாயும். பாதிக்கு மேல சாய்ஞ்ச பிறகு பிடுங்கி, காயப்போட்டு, பட்டறை போடணும். மாமா வெங்காயத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்துச்சு. அதுக்கு முந்தின தடவை சரியா பிடுங்கற நேரத்துல மழை பிடிச்சு பாதி அழுகிப் போயிருந்தது. அந்தப் பயம் அவருக்குள்ள இருந்திருக்கு.

படம் அவர் போனுக்கும் போயிருக்கு. ராத்திரியே ஆளுக்குச் சொல்லி, அவசரத்துக்கு ஆளுக்கு ஐம்பது ரூபா கூடக் கொடுத்து, விடிஞ்சதும் பன்னிரண்டு பேரை இறக்கி மொத்தத்தையும் பிடுங்கிட்டார். மறுநாள் பளீர்னு வெயில். அடுத்த நாளும் வெயில். ஒரு வாரத்துக்கு மழையே இல்லை. தாள் சாயாம பிடுங்கின வெங்காயம், கழுத்து பச்சையா, பட்டறையில தாங்காது. உடனே வித்தாகணும். சந்தையில கிலோவுக்கு பத்து ரூபா குறைச்சுக் கேட்டிருக்காங்க. கூலி, விலை, எடை எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல போச்சு. என் போன் விலையை விட அதிகம்.

இது எனக்கு எப்படித் தெரியும்னா, அந்த ஞாயித்துக்கிழமை மாமா ஒரு பை வெங்காயத்தோட வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தார். "எவனோ ஒருத்தன் போட்ட படத்தைப் பாத்துட்டுக்கா..." நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். தலைவலின்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன். வெளிய வரவே இல்லை.

சொல்ல தைரியம் இல்லாத அந்த ரெண்டு வாரம் என்ன பண்ணினேன்னா, படிச்சேன். வேற எதுவும் ஓடலை. உலகத்துல வானத்தைப் பார்த்தவங்க, எடுத்தவங்க, மத்தவங்களுக்குச் சொன்னவங்க எல்லாம் எப்படிச் சொன்னாங்கன்னு பார்க்கணும்னு தோணுச்சு. எங்க பிசிக்ஸ் சார்கிட்ட கதையை முழுசா சொல்லாம மேலோட்டமாக் கேட்டேன். அவர் "1883ல மெட்ராஸ்ல சூரியன் பச்சையாத் தெரிஞ்சுது, தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சு வெச்சார்.

நிஜம்தான். 1883 ஆகஸ்ட் 26, 27ல இந்தோனேசியாவுல கிரகடோவா எரிமலை வெடிச்சது. செப்டம்பர்ல மெட்ராஸ்லயும் இலங்கையிலயும் சூரியன் பச்சையா, நீலமாத் தெரிஞ்சிருக்கு. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில பிசிக்ஸ் பேராசிரியரா இருந்த மிச்சி ஸ்மித் அதைக் கவனிச்சு எழுதி வெச்சார். அவர் மட்டும் இல்லை. கப்பல்காரங்க, வாத்தியார்கள், வானிலைக்காரங்கன்னு உலகம் பூரா ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவங்க அவங்கவங்க ஊர் வானத்தைப் பத்தி எழுதி அனுப்பியிருக்காங்க. லண்டன்ல வில்லியம் ஆஸ்க்ராஃப்ட்னு ஒரு ஓவியர், தேம்ஸ் கரையில உக்காந்து அந்தச் செக்கர் வானத்தை நூத்துக்கணக்குல வண்ணக்கட்டியால வரைஞ்சிருக்கார். இதையெல்லாம் சேர்த்து ராயல் சொசைட்டி 1888ல தடித்தடியா ஒரு அறிக்கை போட்டுச்சு. எந்த ஊர்ல எந்தத் தேதியில தெரிஞ்சதுன்னு வரிசைப்படுத்தினப்பதான், எரிமலைத் தூசி பூமத்திய ரேகையை ஒட்டி மேற்கு நோக்கி ஓடி, சுமார் ரெண்டு வாரத்துல உலகத்தையே ஒரு சுத்து சுத்தி வந்துச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. அவ்வளவு உயரத்துல அப்படி ஒரு காத்து ஓடுதுன்னு அதுக்கு முன்னாடி தெரியாது. விமானம் கிடையாது, செயற்கைக்கோள் கிடையாது. ஆளுக்கு ஒரு வானம், ஒரு தேதி, அவ்வளவுதான்.

நான் எழுதினது என்ன? "நம்ம ஊரு வானம்... இன்னைக்கு."

அதே மிச்சி ஸ்மித்துதான் பின்னாடி கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தோட முதல் இயக்குநர். 1899ல மெட்ராஸ்ல இருந்து அந்த வேலையை மலைக்கு மாத்தினாங்க. நம்ம மாவட்டம்! சின்ன வயசுல டூர் போனப்ப அந்தப் பக்கம் போயிட்டு சாக்லேட் வாங்கிட்டு திரும்பி வந்திருக்கோம். அங்க 1904ல இருந்து சூரியனைப் படம் எடுத்துக்கிட்டு வர்றாங்க. மேகம் இல்லாத நாள் எல்லாம். நூறு வருஷத்துக்கு மேல. ஆரம்ப காலத்துல கண்ணாடித் தகட்டுல. 1909 ஜனவரியில ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகள்ல வாயு வெளிப்பக்கமா ஓடறதைக் கண்டுபிடிச்சதும் அங்கதான். இன்னைக்கும் அதுக்கு எவர்ஷெட் விளைவுன்னுதான் பேரு.

அந்தத் தகடுகளைப் பார்த்தா 'மிரட்டுற' மாதிரி ஒண்ணும் இருக்காது. ஒரு வட்டம், நாலு புள்ளி. மறுநாள் தகட்டுல அதே வட்டம், புள்ளி கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஒரு தகட்டைத் தனியா எடுத்தா யாரும் பாராட்ட மாட்டாங்க. நூறு வருஷத்தை வரிசையா வெச்சா சூரியனோட குணமே தெரியுது. அதையெல்லாம் கணினியில ஏத்தி ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்திருக்காங்க. அதுலயும் நான் தேடிக்கிட்டு இருந்த ஒரு விஷயம் இருந்துச்சு: சில பழைய தகடுகள்ல நேரமும், சூரியனோட வடக்கு எந்தப் பக்கம்ங்கிறதும் தப்பா இருந்து, அதைக் கண்டுபிடிச்சுத் திருத்த வேண்டியிருந்துச்சாம். எந்தப் பக்கம்னு தெரியலைன்னா சூரியன் படமே ஆனாலும் பிரச்சினைதான்.

வெளிநாட்டுக் கதை ஒண்ணு மட்டும் சொல்லிட்டு மாமாகிட்ட வர்றேன். 2006ல அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல ஒரு பொம்பளை அவங்க ஊர் வானத்தைப் படம் எடுத்தாங்க. கடல் அலையை அடியில இருந்து பார்க்கிற மாதிரி ஒரு மேகம். மேகங்களை ரசிக்கிறதுக்குன்னே இங்கிலாந்துல 2005ல ஆரம்பிச்ச ஒரு சங்கம் இருக்கு (நம்மளை மாதிரி கிறுக்கனுங்க எல்லா ஊர்லயும் உண்டு). அவங்களுக்கு இதே மாதிரிப் படங்கள் பல ஊர்ல இருந்து வந்துச்சு. இது பட்டியல்ல இல்லாத வகைன்னு அவங்க விடாம கேட்டு, 2017ல உலக வானிலை அமைப்பு தன்னோட மேக அட்லஸ்ல 'ஆஸ்பெரிட்டாஸ்'னு அதைச் சேர்த்துச்சு. சாதாரண ஜனங்க ஜன்னல்ல இருந்து எடுத்த படம்! அதுல யாராவது ஒருத்தர் அலை இன்னும் பெருசாத் தெரியட்டும்னு என்னை மாதிரி 'சரி' பண்ணியிருந்தா எந்த விஞ்ஞானி நம்பியிருப்பான்?

மூணாவது ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி மாமா தோட்டத்துக்குப் போனேன். அத்தை மோர் கொடுத்தாங்க. குடிச்சு முடிச்சு, டம்ளரைக் கீழ வெச்சு, "மாமா, அந்தப் படம் நான் எடுத்தது"ன்னு சொல்லிட்டேன்.

மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. திட்டுவார்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"மழை வரும்னு நீயாடா எழுதுன?"

"இல்ல மாமா. அதை வேற யாரோ எழுதிட்டாங்க. படம் மட்டும் நான்."

"எங்க, காட்டு."

திருத்தின படத்தைக் காட்டினேன். "ம்... இதுதான்." அப்புறம் திருத்தாத ஒரிஜினலையும் காட்டினேன். எதுக்குக் காட்டினேன்னு தெரியலை. மாமா போனை வாங்கி, வெயில்ல தெரியலைன்னு நிழலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால பெருசாக்கி, மேகத்தைப் பார்க்காம அடியில இருந்த வீட்டுச் சுவரைப் பார்த்தார்.

"இங்க பாரு மாப்ள. செவுத்துல மஞ்ச வெயிலு அடிக்குது. அப்ப மேக்க வானம் தெறந்து கெடக்கு. இந்தா, அடியில சிறுமலை. மேகம் பேஞ்சு முடிச்சுட்டு நத்தத்துக்குப் போகுது. இதைப் பாத்திருந்தா நான் சோத்தைத் தின்னுட்டுத் தூங்கியிருப்பேன்டா."

"நீங்க வெளிய வந்து பார்க்கலையா மாமா?"

"பாக்காமயா? ராத்திரி எட்டரைக்கு வந்து பாத்தேன். கெழக்க மின்னிக்கிட்டு இருந்துச்சு. அது சாயந்தரம் பேஞ்சது, போகுதுன்னு தெரியும். படத்துல இருக்கறது வேறன்னு நெனச்சேன். பழனி மலைப் பக்கமிருந்து இன்னொண்ணு வருதுன்னு நெனச்சேன். அதுல வெயிலும் இல்ல, மலையும் இல்ல. எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?"

வெயிலும் இல்ல, மலையும் இல்ல. ரெண்டையும் எடுத்தது நான்தான். படத்தை நல்லாக்கறேன்னு நான் தூக்கிப்போட்டது எல்லாம்தான் அந்தப் படத்துல அவருக்குத் தேவையானது. ஆரஞ்சு நிறத்தை வெறும் அழகுன்னு நினைச்சுக் கழுவி விட்டேன். அது "மழை போயிடுச்சு"ங்கிற சேதி. எழுத்துல பொய் சொன்னவன் வேற யாரோதான். ஆனா அந்தப் பொய் ஒட்டறதுக்குத் தோதா படத்தைச் சுத்தமாத் துடைச்சுக் கொடுத்தவன் நான்.

காசைப் பத்திப் பேச வாயெடுத்தேன். "நீ சம்பாரிச்சுக் குடுறா"ன்னு சிரிச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார். அது மன்னிப்பா இல்லையான்னு இன்னைக்கும் எனக்குச் சரியாத் தெரியலை. அத்தை மட்டும் அன்னைக்கு என்கிட்ட சரியா முகம் கொடுத்துப் பேசலை. அது நியாயம்தான்.

அதுக்கப்புறம் வானத்தை எடுக்கறதை விட்டுட்டேன்னு நினைச்சீங்களா? நாலு மாசம் விட்டேன். அப்புறம் முடியலை. ஆனா இப்ப ஒவ்வொரு படத்துக்கும் கீழ ஒரு வரி எழுதறேன்: தேதி, மணி, எங்க நின்னு, எந்தப் பக்கம் பார்த்து. முடிஞ்சா படத்துல கீழ கொஞ்சம் மலையோ பாறையோ வீடோ இருக்கிற மாதிரி வைப்பேன். வயர் வந்தாலும் பரவாயில்லை. வெளிச்சம் கொஞ்சம் கூட்டுவேன் குறைப்பேன், நிறத்தைத் தொட மாட்டேன். போனே தன் இஷ்டத்துக்கு ஹெச்டிஆர்னு ஏதோ பண்ணுது, அதை எவ்வளவு தூரம் தடுக்க முடியும்னு தெரியலை. கடைசியா, ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி அதே வரியில இன்னும் ஒரு வார்த்தை சேர்ப்பேன். பேஞ்சுச்சா, இல்லையா. அம்மாச்சி கேட்ட கேள்விதான். அவங்க போன வருஷம் தவறிட்டாங்க. அந்தக் கேள்வி இப்ப என் நோட்டுல இருக்கு. இதுவரைக்கும் அறுநூத்திச் சொச்சம் வரி சேர்ந்திருக்கு. அதுல 'இல்லை'தான் ரொம்ப அதிகம். நம்ம ஊரு அப்படி.

பசங்க சிலர் "முன்ன மாதிரி கெத்தா இல்லையேடா படம்"னு சொல்றாங்க. சொல்லிட்டுப் போகட்டும். ஆனா ஒண்ணு, தேனியில இருக்கற நண்பன் ஒருத்தன் இப்ப அவன் ஊர்ல இருந்து அதே மாதிரி மணி, திசை போட்டு அனுப்பறான். கரூர்ல ஒரு பொண்ணும் அனுப்புது. ஒரே நாள் சாயங்காலம் மூணு ஊர் வானத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா, ஒரே மேகத்தை மூணு பேரும் மூணு பக்கத்துல இருந்து எடுத்திருக்கோம்னு ஒரு தடவை தெரிஞ்சுது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

நேத்து சாயங்காலம் ஒரு படம் வந்துச்சு. சாய்ஞ்சு கிடக்கு, ஓரத்துல கட்டைவிரல் பாதி தெரியுது, நடுவுல வெள்ளையா ஒரு மேகம், அடியில வெங்காயக் காடு. மாமா அனுப்பியிருந்தார். கீழ எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"மேக்க பாத்து. மணி 5.40. காத்து இல்ல. பெய்யாது."